பூட்டுக் கொண்டியின் அடியில் இரண்டு பெயர்கள்

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கு மூலையில், பிரான்சின் எல்லைக்கு அருகே, ஜெரோனா என்றொரு பழைய நகரம் உள்ளது. அந்நகரத்துப் பேராலயத்தின் கருவூலத்தில், பாதிரிமார்களின் பட்டாடைகளுக்கும் வழிபாட்டுப் பாத்திரங்களுக்கும் நடுவே ஒரு சிறு பேழை இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 39 சென்டிமீட்டர், உயரம் 27, அகலம் 24க்குச் சற்றுக் குறைவு. ஒருவர் மடியில் வைத்துத் திறக்கும் அளவுதான். உள்ளே மரம், வெளியே பொன்முலாம் பூசிய வெள்ளித் தகடு. மூடியின் விளிம்பைச் சுற்றி ஓடும் கூஃபி எழுத்து அல்லாஹ்வின் திருநாமத்தைக் கொண்டு தொடங்குகிறது. ஆயிரம் ஆண்டுகளாக ஒரு கிறிஸ்தவப் பேராலயத்தில் பத்திரமாக இருந்து வரும் முஸ்லிம் நகைப்பேழை அது.

அந்த எழுத்து சொல்லும் செய்தி எளிது. அமீருல் முஃமினீன் ஹகம் அல்முஸ்தன்ஸிர் பில்லாஹ்வுக்கு அல்லாஹ்வின் பரகத்தும் நற்பேறும் நிலைத்த மகிழ்ச்சியும் உண்டாகட்டும் என்று துஆச் செய்கிறது. பிறகு, முஸ்லிம்களின் பட்டத்து வாரிசான அபுல் வலீத் ஹிஷாமுக்காக அவர் கட்டளையிட்டுச் செய்வித்தது இது என்றும், ஜவ்தர் என்பவரின் மேற்பார்வையில் பணி நிறைவுற்றது என்றும் கூறி முடிகிறது. ஒரு தந்தை தம் மகனுக்குச் செய்வித்த அன்பளிப்பு. கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் மேற்பார்த்தவர் பெயரும் மூடியின் மீது, எவர் கண்ணிலும் படும்படி இருக்கின்றன. செய்தவர் பெயர் அங்கே இல்லை. அது வேறோர் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம். ஆயினும் அதற்கு முன் அந்தத் தந்தையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் ஹகம் ஹிஜ்ரி 350இல், அதாவது கி.பி. 961இல், குர்துபாவின் கலீஃபாவாகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 46. நூல்களின் மீது அவருக்கிருந்த தாகம் பெயர்பெற்றது. அவருடைய நூலகத்தில் நான்கு லட்சம் ஏடுகள் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்துள்ளனர். எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்துக் கொண்டாலும் வியப்புக் குறையாது. குர்துபாவின் பெரிய பள்ளிவாசலில் இன்று உலகம் வந்து பார்த்துச் செல்லும் அந்த மிஹ்ராப், அவர் காலத்து விரிவாக்கத்தில் எழுந்ததே. இத்தனையும் இருந்தவருக்குப் பட்டமேற்ற நாளில் பிள்ளை இல்லை. மறு ஆண்டு, பாஸ்க் நாட்டிலிருந்து வந்த ஸுப்ஹ் என்னும் அரண்மனைப் பெண்ணின் வயிற்றில் அப்துர் ரஹ்மான் பிறந்தார்.

அந்த மகிழ்ச்சிக்கும் ஒரு பேழை சாட்சியாக நிற்கிறது. ஹிஜ்ரி 353இல் (964) ஹகம் அப்பெண்ணுக்காக உருண்டை வடிவில் ஒரு தந்தச் சிமிழ் செய்யச் சொன்னார். ஸமோரா என்னும் ஊரின் பேராலயத்தில் வெகுகாலம் இருந்த அது இப்போது மத்ரீதின் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் எழுத்து அவளை ஸுப்ஹ் என்று அழைக்கவில்லை. அப்துர் ரஹ்மானின் தாய் என்றே அழைக்கிறது. நம் வீடுகளிலும் பிள்ளை பிறந்த பின் தாயின் பெயர் மறைந்து, இன்னாரின் உம்மா என்பதே பெயராகிவிடுகிறதல்லவா? கஸ்தூரி, கற்பூரம், அம்பர், முத்து, மணி இவற்றை வைக்கத்தான் இத்தகைய சிமிழ்கள் பயன்பட்டன. ஆனால் எழுதிய பெயர் நிலைக்கவில்லை. 970இல், எட்டு வயதளவில், அப்துர் ரஹ்மான் இறந்துபோனார். எஞ்சியவர் 965இல் பிறந்த தம்பி ஹிஷாம் ஒருவரே.

974இல் ஹகமை முடக்குவாதம் தாக்கியது. அதன்பின் அவருடைய எண்ணமெல்லாம் அந்த ஒரு பிள்ளையைச் சுற்றியே இருந்தது. 976 பிப்ரவரியில் பிரமுகர்களை அழைத்து ஹிஷாமுக்கு வாரிசு பைஅத் பெற்றார். அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளில் அவரே மரணமடைந்தார். பேழையின் எழுத்தில் ஹிஷாம் பட்டத்து வாரிசு எனக் குறிக்கப்படுவதால், இடைப்பட்ட எட்டு மாதங்களில் அது உருவாகியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. நோயுற்ற ஒரு தந்தை, பதினொரு வயதை எட்டும் ஒரு மகன், காலம் குறைவு என்பதை இருவரைச் சுற்றியும் எல்லோரும் அறிந்திருந்த ஓர் அரண்மனை. அந்தச் சூழலில் பட்டறையில் ஒரு பெட்டி உருவாகிக்கொண்டிருந்தது.

வேலை தச்சரிடம் தொடங்கியது. வெள்ளியைப் பார்ப்பவர்கள் மரத்தை மறந்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் பேழையின் உடல் மரம்தான். பலகைகள் பிசகின்றிப் பொருந்தாவிட்டால் மேலே எவ்வளவு வெள்ளி போர்த்தினாலும் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதன் மூடி தட்டையானதும் அன்று. நான்கு பக்கமும் சரிந்து மேலேறி, உச்சியில் சிறு சமதளமாக முடிவது. ஓட்டுக் கூரையின் முனையை வெட்டி எடுத்தாற்போன்ற வடிவம். சரிவுப் பலகைகள் மூலையில் ஒன்றையொன்று சந்திக்கும் கோணத்தை அறுத்துச் சேர்ப்பது எத்தகைய வேலை என்பதைத் தச்சு தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

அதன்மேல் வெள்ளி. தகட்டை அரக்கின் மீது பதித்து, பின்புறத்திலிருந்து சிற்றுளியாலும் சுத்தியலாலும் தட்டித் தட்டி உருவத்தை முன்புறமாகப் புடைக்கச் செய்வது அக்கால முறை. நம் ஊர்ப் பொற்கொல்லர்களும் அறிந்த வேலைதான். தட்டத் தட்ட வெள்ளி இறுகும். மறுபடி நெருப்பில் காய்ச்சி இளக்க வேண்டும். மறுபடி தட்ட வேண்டும். அவசரப்பட்டால் தகடு கிழியும். இப்படி எழுந்தவை சுருண்டோடும் கொடிகளும் இலைகளும் மலர்களும். எழுத்துகளும் சில கோடுகளும் தெளிந்து தெரிவதற்காக, வெள்ளியும் கந்தகமும் பிற உலோகங்களும் சேர்த்து உருக்கிய கருங்கலவை இட்டு நிரப்பப்பட்டிருக்கிறது. அக்காலத்து அந்தலுஸின் தந்தப் பேழைகள் சிலவற்றில் மனித உருவங்களும் விலங்குகளும் நிறைந்திருக்கும். அவற்றைப் பார்க்கும்போது நம் உள்ளம் சற்றுத் தயங்கும். ஹிஷாமின் பேழை அப்படியன்று. செடியும் கொடியும் எழுத்தும் மட்டுமே.

இனி அந்தப் பெயர்களுக்கு வருவோம். மூடியிலிருந்து முன்பக்கமாக இறங்கி வந்து பூட்டில் பொருந்தும் தகட்டுக் கொண்டி ஒன்று அப்பேழைக்கு உண்டு. அந்தக் கொண்டியின் உட்புறத்தில் மிகச் சிறிதாக ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது. பத்ர், தரீஃப் என்னும் இருவர், கலீஃபாவின் அடிமைகள், இதைச் செய்தனர் என்பது அதன் பொருள்.

அவர்கள் ஒளித்து வைத்துக் கையொப்பமிட்டார்கள் என்று சொல்வோர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. பேழை பூட்டியிருக்கும்போது அந்த வரி தெரியாது என்பது உண்மைதான். சபையில் வைத்துப் பார்ப்போர் கலீஃபாவின் பெயரையும் இளவரசரின் பெயரையும் மட்டுமே காண்பார்கள். ஆனால் பேழையைத் திறக்க வேண்டுமானால் கொண்டியைத் தூக்கியாக வேண்டும். தூக்கினால் அதன் உட்புறம் திறப்பவரின் முகத்தை நோக்கித் திரும்பும். எவர் கைக்கு இந்த அன்பளிப்பு போகிறதோ அவருக்கு, அவர் திறக்கும் ஒவ்வொரு முறையும், செய்தவர்களின் பெயர் முதலில் தென்படும். ஊருக்குத் தெரியவில்லையென்றாலும் உடையவருக்குத் தெரியும். அரண்மனை வேலையின் ஒழுங்கை மீறாமல் ஒரு கைவினைஞன் தன்னைப் பதிவுசெய்துகொள்ள இதைவிட நுட்பமான இடம் கிடைக்காது.

அடிமைகள் என்ற சொல்லை நாம் மென்மையாக்கிச் சொல்ல விரும்பவில்லை. அந்தலுஸின் அரண்மனைகளில் ஸகாலிபா எனப்பட்டோர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்து சிறுவயதில் பிடித்து விற்கப்பட்டு வந்தவர்கள் அவர்கள். தாய் தந்தையர் இட்ட பெயர் போய், உடையவர்கள் இட்ட அழகிய அரபுப் பெயர்கள் அவர்கள்மேல் நின்றன. பத்ர் என்றால் முழுநிலவு. தரீஃப் என்றால் அரியது, புதுமையானது. ஆக, கொண்டியின் அடியில் நாம் படிப்பதும் அவர்களுக்குப் பிறர் கொடுத்த பெயரையே. ஊழியர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையே அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், நீங்கள் உடுப்பதையே உடுத்தக் கொடுங்கள் என்று போதித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். உணவு சமைத்துக் கொண்டுவரும் பணியாளரை உடன் அமர்த்திக்கொள்ள முடியாவிட்டால் ஒரு கவளமாவது கொடுக்க வேண்டும், அதன் சூட்டையும் உழைப்பையும் தாங்கியவர் அவர்தாம் என்று காரணமும் சொன்னார்கள். குர்துபாவின் மாளிகைகள் அந்தப் போதனைக்கு எவ்வளவு நெருங்கி நின்றன என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. அந்தலுஸின் பெருமையை மட்டும் பேசிவிட்டுப் போவது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

மூடியின் மேல் பெயர் பொறித்துக்கொண்ட ஜவ்தரின் கதை வேறு. அவரும் ஸகாலிபாவைச் சேர்ந்தவரே. ஆனால் உச்சிக்கு உயர்ந்தவர். பொன்வேலைப் பட்டறையும் அரசரின் வேட்டைப் பருந்துகளும் அவர் பொறுப்பில் இருந்தன. ஹகம் மரணமடைந்த இரவில், ஜவ்தரும் ஆடையறைத் தலைவர் ஃபாயிக்கும் செய்தியை வெளியே விடாமல் ஆலோசித்தார்கள். பதினொரு வயதுப் பிள்ளை ஆட்சி செய்ய இயலாது. ஹகமின் தம்பி முகீராவை அரியணையில் அமர்த்துவோம் என்பது அவர்கள் முடிவு. யாருடைய பெயருக்கு முன்னால் பட்டத்து வாரிசு என்று எழுதச் செய்து அதன்கீழ்த் தம் பெயரையும் சேர்த்தாரோ, அந்தப் பிள்ளையையே ஒதுக்கிவிட அவர் துணிந்தார். பேழையில் வரும் ஜவ்தரும் இவரே என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அவரைத் துரோகி என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் மனம் வரவில்லை. சிறுவனை வாரிசாக்கியது தந்தைப் பாசம் அறிவை வென்றதன் விளைவு என்று பிற்கால வரலாற்றாசிரியர்களும் ஹகமைக் குறைகூறியிருக்கிறார்கள்.

ஹாஜிப் முஸ்ஹஃபியிடம் அவர்கள் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் ஒப்புக்கொள்வதுபோல் நடித்து வெளியே வந்து, இப்னு அபீ ஆமிர் என்னும் இளம் அதிகாரியைப் படையுடன் முகீராவின் வீட்டுக்கு அனுப்பினார். முகீராவுக்கு அண்ணன் இறந்த செய்தியே அப்போதுதான் தெரிந்தது. ஹிஷாமுக்குக் கீழ்ப்படிவதாக அவர் மன்றாடினார். அவர் குற்றமற்றவர் என்று இப்னு அபீ ஆமிர் எழுதியனுப்பியும் மறுமொழி மாறவில்லை. முகீரா அன்றே கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தார். அவருக்கென்று 968இல் செய்யப்பட்ட தந்தச் சிமிழ் பாரிஸ் நகரின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்தலுஸின் தந்த வேலைகளில் தலைசிறந்ததாக அதனையே பலரும் சொல்வார்கள். அதன் எழுத்தும் அவருக்கு பரகத்தையும் மகிழ்ச்சியையும் வேண்டித்தான் தொடங்குகிறது.

ஹிஷாம் கலீஃபா ஆனார், ஆட்சியாளர் ஆகவில்லை. முஸ்ஹஃபியையும் வீழ்த்தி எழுந்த இப்னு அபீ ஆமிர், அல்மன்ஸூர் என்னும் பட்டத்துடன் 1002 வரை எல்லா அதிகாரத்தையும் தம் கையில் வைத்திருந்தார். இளவரசர் அரண்மனைக்குள் அடைபட்ட நிலையில் வளர்ந்து முதுமையை நெருங்கினார். 1009இல் உள்நாட்டுக் கலகம் வெடித்து அவர் பதவி பறிபோனது. மறு ஆண்டு திரும்பக் கிடைத்தது. 1013இல் குர்துபா வீழ்ந்தபோது அவர் கண்ணில் படாமல் மறைந்தார். பல ஆண்டுகள் கழித்து, ஹிஷாம் உயிரோடிருக்கிறார் என்று இஷ்பீலியாவின் ஆட்சியாளர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் உண்மையில் பாய் முடைபவர் என்று ஊர் சிரித்தது.

1010இல் கலகத்தின் ஒரு தரப்புக்குத் துணையாகப் பார்ஸிலோனா, ஊர்ஹெல் பிரபுக்களின் படை கூலிக்காகக் குர்துபா வரை வந்தது. ஜெரோனாவின் ஆயரும் அப்படையில் வந்து உயிரிழந்தார். திரும்பியவர்கள் கொண்டுபோன பொருள்களில் ஹிஷாமின் பேழையும் ஒன்று என்பது பலரின் கருத்து. கூலியாகவோ கொள்ளையாகவோ போயிருக்கலாம். மதீனத்துஸ் ஸஹ்ராவின் மாளிகைகள் எரிந்து இடிந்து கற்குவியல்களாயின. அங்கே தங்கியிருந்தால் அந்த வெள்ளி உருக்கப்பட்டு, மரம் அடுப்புக்குப் போயிருக்கும்.

பத்ரும் தரீஃபும் செய்த அந்தச் செயல் தனித்து நிற்கவில்லை. அல்மன்ஸூரின் மகன் அப்துல் மலிக்குக்காக ஹிஜ்ரி 395இல் (1004–05) ஒரு பெரிய தந்தப் பேழை செய்யப்பட்டது. அதன் மூடியின் உட்புறத்தில் ஃபரஜ் தம் மாணவர்களுடன் செய்தது என்ற வரி இருக்கிறது. அது மட்டுமன்று, மிஸ்பாஹ், கைர், ஸஆதா போன்ற மாணவர்களின் பெயர்கள் அவரவர் செதுக்கிய பகுதிகளில் பொடி எழுத்தில் உள்ளன. ஆசிரியர் தம் மாணவர்கள் பெயரை விட்டுவிடவில்லை என்பதை எண்ணி நாம் மகிழ்ந்தோம். அப்பேழை பிற்காலத்தில் நவார்ரா நாட்டு மடமொன்றில், நூனிலோ, அலோடியா என்னும் இரு சகோதரிகளின் எலும்புகளை வைக்கப் பயன்பட்டது. முஸ்லிம் ஆட்சியில் 851இல் மரண தண்டனை பெற்றவர்கள் அவர்கள். முஸ்லிம் ஹாஜிபுக்கு துஆச் செய்யும் எழுத்துக்குள்ளேதான் அவர்கள் உறங்கினார்கள்.

கிலாஃபத் சிதறிய பின் தந்தம் அரிதாகிவிட்டது. கூன்கா என்னும் ஊரில் இப்னு ஸய்யான் குடும்பத்தார் பட்டறை வைத்திருந்தார்கள். அவர்கள் மரத்தால் பெட்டி செய்து, அதன்மேல் பொன்பூசிய தோலை ஒட்டி, அதற்கு மேல் இழைத்த மெல்லிய தந்தத் தகடுகளைப் பதித்தார்கள். தகட்டின் துளைகள் வழியே பொன்னிறம் மின்னும். இல்லாமையிலிருந்து பிறந்த அழகு என்றே அதைச் சொல்லத் தோன்றுகிறது. தலைத்துலா ஆட்சியாளர் மஃமூனின் மகன் இஸ்மாயீலுக்காக ஹிஜ்ரி 441இல் (1049–50) செய்யப்பட்ட பேழையில் அப்துர் ரஹ்மான் இப்னு ஸய்யான் என்னும் பெயர் இளவரசரின் பெயரோடு வெளிப்புறத்து எழுத்திலேயே வந்துவிடுகிறது. கொண்டியின் அடிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. தந்தைபெயரோடு எழுதிக்கொள்ள அவருக்கு ஒரு குடும்பம் இருந்தது. பத்ருக்கும் தரீஃபுக்கும் அது இல்லை.

மரத்தால் செய்து கொடுத்த அன்பளிப்பு என்றதும் முஸ்லிம்களாகிய நமக்கு அரசர்களின் பேழைகளுக்கு முன்பாக நினைவுக்கு வர வேண்டியது மதீனாவின் மிம்பர். அன்ஸாரிப் பெண்மணி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம்மிடம் தச்சுத் தெரிந்த பணியாளர் ஒருவர் இருப்பதாகவும், அமர்ந்து உரையாற்ற ஏதேனும் செய்து தரட்டுமா என்றும் கேட்டார். விரும்பினால் செய் என்றார்கள் நபியவர்கள். பின்பு அவர்களே சொல்லியனுப்பி நினைவூட்டியதாகவும் அறிவிப்பு உண்டு. மதீனாவை அடுத்த காட்டிலிருந்து அஸ்ல் மரம் வெட்டி வரப்பட்டது. ஸபா நாட்டாரின் அழிந்த தோட்டங்களைப் பற்றிக் கூறும்போது குர்ஆன் குறிப்பிடும் அதே மரம். கசந்த கனிகளோடும் இலந்தையோடும் சேர்த்துச் சொல்லப்படும் எளிய மரம். அதில் மூன்று படிகள் அமைந்தன. பொன்னுமில்லை, வெள்ளியுமில்லை. அதுவரை நபியவர்கள் சாய்ந்து நின்ற பேரீச்ச மரத்துண்டு அன்று விம்மியழுத செய்தியை நம் பிள்ளைகளும் அறிவார்கள்.

அந்தத் தச்சர் யார்? மிம்பர் எதனால் ஆனது என்று மக்கள் தர்க்கித்துக்கொண்டு ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களிடம் வந்தபோது, அதை முதன்முதலாக வைத்த நாளையும் தாம் அறிவேன் என்று சொல்லி முழு விவரத்தையும் கூறினார்கள். அப்பெண்மணியின் பெயரையும் சொன்னார்கள். ஆனால் கேட்டு அறிவித்தவர் அப்பெயரைத் தக்கவைக்கவில்லை. இன்னார் என்றே அறிவிப்பில் நிற்கிறது. தச்சரும் இன்னாரின் ஆள் இன்னார் என்றே நிற்கிறார். பின்வந்த ஹதீஸ் அறிஞர்கள் இதை அப்படியே விட்டுவிடவில்லை. ஒரு தச்சுப் பணியாளரின் பெயர் மார்க்கச் சட்டம் எதையும் மாற்றப்போவதில்லை என்பதை அறிந்திருந்தும், நூல் நூலாகத் தேடினார்கள். புகாரியின் விரிவுரையில் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள், பாகூம், ஸபாஹ், கிலாப், மைமூன் எனக் கிடைத்த பெயர்களை எல்லாம் வரிசையாக எடுத்துவைத்து, ஒவ்வோர் அறிவிப்பின் வலுவையும் நிறுத்துப் பார்த்து, மைமூன் என்பதே பொருத்தத்துக்கு மிக நெருங்கியது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.